அண்ணனின் தொண்டையைப் பட்டினி போட்ட வருஷம்

என் வயசுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். முட்டி வலி, சர்க்கரை, காதில் இரைச்சல் என்று உடம்பு நம்மைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்த பிறகுதானே, அது எப்போதுமே அப்படித்தான் நடந்தது என்று நமக்கு உறைக்கிறது. சின்னவர்களிடம் இதைச் சொன்னால் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

போன வாரம் டிவியில் குழந்தைகள் பாட்டுப் போட்டி. மீசை அரும்பாத ஒரு பையன் பொம்பளைக் குரல் பாட்டு ஒன்றை அப்படியே உருக்கிப் பாடினான். நடுவராக உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் குரல் மாறவே கூடாது, கடவுளே, இப்படியே இருக்கட்டும்" என்றாள். பெற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. ரிமோட்டைத் தேடி அணைத்தேன். "இன்னா அத்த, நல்லாத்தானே பாடிகினு இருந்தான்?" என்றாள் மருமகள். நல்லாத்தான் பாடினான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாங்கள் வட சென்னையில், காலடிப்பேட்டையில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். நீளமாக ஒரே வராண்டா, வரிசையாகக் குடித்தனங்கள், கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். வடக்கேயிருந்து காற்றடித்தால் கம்பெனி வாடை, கிழக்கேயிருந்து அடித்தால் கருவாட்டு வாடை, காற்றே இல்லையென்றால் சாக்கடை வாடை. அதிலேயே பிறந்து வளர்ந்த மூக்கு, எங்களுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நான் அருவருப்பு என்று சொல்ல வந்தது அந்த வாடையை அல்ல.

நைனா ஒரு கம்பெனியில் ஃபிட்டருக்கு ஹெல்பர். வாரம் முழுக்க கிரீஸ் கையோடு வருவார். ஞாயிற்றுக்கிழமையானால் முகத்துக்குப் பவுடர் போட்டு, பெரிய காலர் வைத்த சட்டையை மாட்டிக்கொண்டு கச்சேரிக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒருவர் மெல்லிசைக் குழு நடத்தினார். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ஆர்கெஸ்ட்ரா மாமா. நெஞ்சில் அக்கார்டியனைக் கட்டிக்கொண்டு அதைவிட அகலமாகச் சிரிப்பார். அந்தக் குழுவில் நைனாவுக்கு டும்பா மேளம் வாசிக்க இடம் கிடைத்ததற்கு அவருடைய கைத்திறமை காரணமில்லை. அண்ணனின் தொண்டைதான் காரணம்.

அண்ணன் என்னைவிட ஒரு வயது பெரியவன். குழுவில் பாடிக்கொண்டிருந்த அக்கா கல்யாணமாகிப் போனதும் பொம்பளைக் குரல் பாட்டெல்லாம் அவனுக்கு வந்தது. அரை டிராயர், கழுத்தில் ஒரு சிவப்பு டை, காலுக்கடியில் ஒரு மரப்பெட்டி. கண்ணை மூடிக் கேட்டால் வயசுப் பெண் ஒருத்தி ஏங்கிப் பாடுவது போல இருக்கும். கண்ணைத் திறந்தால் மூக்கொழுகுகிற பையன். அதற்குத்தான் விசில். கச்சேரி முடிந்ததும் பெரிய மனிதர்கள் எல்லாம் மேடைக்கு ஏறி வந்து அவன் கன்னத்தைக் கிள்ளுவார்கள், வெற்றிலை எச்சில் ஒட்ட முத்தம் கொடுப்பார்கள். அவன் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துக் கன்னத்தைப் புண்ணாக்கிக்கொள்வான்.

ஒரு ஆடி மாசம் ராயபுரம் பக்கம் அம்மன் கோயில் கச்சேரியில் அண்ணன் ஒரு தாலாட்டுப் பாடினான். முன்வரிசையில் ஒரு பெண். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்க வந்தவள். பாதிப் பாட்டில் அவள் ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து ஓடினாள். பிள்ளை பெற்ற எவளுக்கும் இது தெரியும், பக்கத்து வீட்டுக் குழந்தை சிணுங்கினாலே சுரந்துவிடும். சத்தம் பெற்ற பிள்ளையிடமிருந்து வருகிறதா மைக்கிலிருந்து வருகிறதா என்று மார்பு விசாரித்துக்கொண்டிருக்காது. அதை ஒரு தாய் வீட்டோடு வைத்துக்கொள்வாள். ஆர்கெஸ்ட்ரா மாமா என்ன செய்தார் தெரியுமா? அடுத்த கச்சேரியிலிருந்து மைக்கில், "தாய்மாருங்களுக்குப் பால் சுரக்க வெச்ச பாலகன்!" என்று கூவ ஆரம்பித்தார். ஆண்கள் கூட்டம் கெக்கெக்கே என்று சிரிக்கும். அந்தப் பெண் பிறகு எந்தக் கச்சேரிக்கும் வரவில்லை. தூ!

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில்தான் அது முதல்முறையாக நடந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த அண்ணன் குரல் சட்டென்று சறுக்கியது. அண்ணனே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டான். அக்கார்டியன் நின்றது.

"இன்னாடா, ஐஸ் கீஸ் துன்னியா?"

"இல்ல மாமா."

ஆர்கெஸ்ட்ரா மாமா நைனாவைப் பார்த்தார். "தோஸ்து, ஒனக்கே தெரியும். இவன் தொண்ட நல்லா கீற வரிக்கும்தான் ஒனக்கு டும்பா. அப்பால நான் ஒண்ணியும் பண்றதுக்கில்ல" என்றார். அவர் அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நைனா தலையைக் குனிந்து டும்பாவின் தோலைத் தடவிக்கொண்டிருந்தார்.

பையன்களுக்குக் குரல் மாறும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. நைனாவுக்கு மாறவில்லையா, அம்மாவின் தம்பிகளுக்கு மாறவில்லையா? ஆனால் எங்கள் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். நைனாவின் அக்கா அவர், புருஷனோடு ஒத்துவராமல் எங்களோடு இருந்தார். லைன் வீட்டில் யாருக்கு மசக்கை, யாருக்குத் தீட்டு, யார் எத்தனை நாள் தள்ளி உட்கார வேண்டும் என்பதற்கெல்லாம் அத்தைதான் கோர்ட்டு. அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

"பொட்டப் புள்ளைக்கு உளுந்து, எள்ளு, முட்ட, கருவாடு எல்லாம் குடுத்தா சீக்கிரம் வயசுக்கு வந்துடும்னு சொல்றோமா இல்லியா?" என்றார் அத்தை, அம்மாவிடம். "அப்ப ஆம்பளப் புள்ளைக்கு அதெல்லாம் நிறுத்திட்டா? தள்ளிப் போவும் இல்ல?"

"வளர்ற புள்ள அண்ணி..." என்றாள் அம்மா.

"வளரக் கூடாதுன்றதுதானே இப்ப பேச்சு. கம்முனு கெட."

நைனா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்தால் அது சரி என்று அர்த்தம். அடுத்த நாளிலிருந்து அண்ணன் தட்டிலிருந்து மீன் போனது, முட்டை போனது, இட்லி போனது, ஏனென்றால் இட்லியில் உளுந்து இருக்கிறது. காலையில் கஞ்சித் தண்ணீர், மத்தியானம் மிளகு ரசம் ஊற்றிய அரை வயிற்றுச் சோறு, ராத்திரி ஒரு வாழைப்பழம், அதுவும் பாட்டு நாள் என்றால் கிடையாது. அவன் தட்டில் குறைந்ததெல்லாம் என் தட்டில் விழுந்தது. மீனை வாங்கிய பிறகு யாராவது தின்றுதானே ஆக வேண்டும். அவன் என் எதிரே உட்கார்ந்து ரசச்சோற்றைப் பிசைந்துகொண்டே என் தட்டில் இருக்கும் வஞ்சிரத் துண்டைப் பார்ப்பான். அப்போது அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும்.

ஏறி இறங்குகிறதே, அதையும் அத்தை கவனித்துவிட்டார். கழுத்தில் சங்கு தெரிய ஆரம்பித்தால் குரல் போய்விடும், சங்கை வெளியே வரவிடக் கூடாது என்று ஒரு மஞ்சள் துணியை வேப்பெண்ணெயில் நனைத்து அவன் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஜல்ப்பு, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார். வெயில் காலம். துணிக்கு அடியில் வேர்த்து, எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து வட்ட வட்டமாகப் படை வந்தது. அவன் பக்கத்தில் படுத்தால் நாறும். சொறிந்தால் கையில் அடி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் துணியை அவிழ்த்து, படையின் மேல் பவுடரை அப்பி, டையைக் கட்டி மேடையில் ஏற்றுவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கழுத்திலிருந்து வரும் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள்.

நர்ஸாக இருக்கிற என் மகளிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். தொண்டைக்குள் இருக்கிற நாண் நீண்டு தடித்துக்கொண்டே வரும், தடித்த தந்தி கீழே பேசுவது போலக் குரலும் கீழே இறங்கும், அதைக் கட்டி வைக்க உலகத்தில் துணியே கிடையாது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னாள். வயிறு ரொம்பக் காய்ந்தால் உடம்பு பெரியதாவதைக் கொஞ்சம் தள்ளித்தான் போடுமாம். அத்தையின் வைத்தியம் முழுப் பொய்யாக இருந்திருந்தால் முட்டாள்தனம் என்று விட்டிருப்பேன். அது கொஞ்சம் பலித்திருக்கிறது. அந்த வருஷத்து ஆடி வரைக்கும் அண்ணன் எப்படியோ பாடிவிட்டான், நைனாவும் டும்பாவைத் தட்டிவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் அம்மா எங்களைக் கடற்கரைப் பக்கம் யாரிடமோ கூடையைக் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினாள். திரும்பும்போது மணலில் நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். பாதிதான் காய்ந்திருந்தது. அதன்மேல் கரிய போர்வை போல ஈ. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். பின்னால் சத்தமே இல்லை என்று திரும்பிப் பார்த்தால், அண்ணன் மண்டி போட்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். மணல் நறநறவென்று கடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது.

"டேய், கலீஜ்டா! துப்புடா!"

அவன் துப்பவில்லை. கண் சொருகி, வேகவேகமாக மென்று விழுங்கினான். காய வைத்திருந்த அம்மாள் துடைப்பத்தோடு ஓடி வந்தாள், நாங்கள் ஓடினோம். ஒரு படகின் மறைவில் நின்றதும் அவன் அத்தனையும் வாந்தி எடுத்தான். அதில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. புழு மீனுக்குள் இருந்ததா அவன் வயிற்றிலிருந்து வந்ததா, எனக்குத் தெரியாது. நான் அழுதுவிட்டேன். அவன் அழவில்லை. வாயைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக வைத்து ஊதினான்.

"வாட வருதா பாரு. அத்த மோந்து பாக்கும்."

"வருதுடா."

போகிற வழியில் கொய்யா இலையைப் பறித்து மென்றுகொண்டே வந்தான். வீட்டில் அத்தை மோந்து பார்த்தார். இலை வாசனைதான் வந்தது போலிருக்கிறது, விட்டுவிட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் மெதுவாக, "அவனுக்கும் ஒரு துண்டு போடும்மா" என்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் குழம்புச் சட்டியை மூடினாள்.

அவன் தட்டையும் சேர்த்துத் தின்ற உடம்பு என்னுடையது. அந்த வருஷமே நான் பெரியவளானேன். "துன்ன தீனிக்கு எப்பவோ ஆயிருக்கணும்" என்றார் அத்தை, பெருமையாகத்தான். தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்று வெட்டிவந்து வராண்டாக் கோடியில் குடிசை கட்டினார். காலையிலேயே தெருக் கம்பத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, காது கிழியப் பாட்டைப் போட்டார்கள். ரயில்வே கேட்டு வரைக்கும் கேட்டிருக்கும். என் வயிற்றுக்குள் நடந்ததை ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டுச் சொன்னார்கள். அதே வீட்டில் அண்ணன் உடம்பில் நடந்ததை மட்டும் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. வெட்கமும் வயிற்று வலியும்தான் இருந்தது, அந்த டம் டம் சத்தம் வேறு நேராக இடுப்பில் வந்து இடித்தது.

குடிசைக்குள் எனக்கு ராஜ உபசாரம். காலையில் பச்சை முட்டை, அதை உடைத்து அப்படியே வாயில் ஊற்ற வேண்டும். பிறகு அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் ஊற்றித் தருவார்கள், அதையும் குடிக்க வேண்டும். மத்தியானம் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து அதிலும் எண்ணெய். நம் காலத்துப் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கொழகொழப்பு தெரியும். நான் மூக்கைப் பிடித்து விழுங்குவேன், பாதி திரும்பி வரும். அத்தை முட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, தீட்டு ஒட்டாமலிருக்கத் தள்ளிப்போய் நின்றுகொண்டு, "இடுப்பெலும்புக்குடி, முழுங்கு" என்பார். அவர் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து ஒருநாள் முட்டையை மறைத்து வைத்துவிட்டு, முந்தின நாள் ஓட்டை எண்ணெய்க்கு நீட்டினேன்.

கீற்றுக்கு வெளியே அண்ணன் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். அவனுடைய எண்ணெய்த் துணி நாற்றம் வந்துகொண்டிருந்தது. ஓலையை விரலால் விலக்கினேன்.

"டேய், இந்தா."

"தீட்டுன்னு சொல்வாங்க."

"பசிக்குதா இல்லியா?"

"பசிக்குது."

சந்துக்கு நேராக வாயை வைத்து அண்ணாந்தான். நான் முட்டையைத் தட்டி ஊற்றினேன். ஒரே மடக்கு. எனக்கு வாந்தி வரவைத்த அந்தச் சளி போன்ற சமாச்சாரத்தை அவன் உதட்டை நக்கி நக்கிச் சாப்பிட்டான். அன்றிலிருந்து முட்டையும் களியில் பாதியும் அந்தச் சந்து வழியாகத்தான் போயிற்று.

ஒரு சாயங்காலம் ஸ்பீக்கர்காரன் டீ குடிக்கப் போயிருந்தான், பாட்டு நின்றிருந்தது. அண்ணன் கீற்றின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் நானும் சாய்ந்திருந்தேன். ஒரு முனகல் ஆரம்பித்தது. காதில் கேட்பதற்கு முன்னால் அது என் முதுகில் கேட்டது, ஓலை அதிர்ந்தது. அவன் தாலாட்டைத்தான் பாடினான், ஆனால் ரொம்பக் கீழே இறங்கி, யாருக்கும் கேட்காத மாதிரி. சறுக்கவில்லை, உடையவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல், நிதானமாக, குளிர்ச்சியாக வந்தது. எனக்கு அந்த ஒரு வாரமாக இருந்த இடுப்பு வலி அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் தெரியவில்லை.

"எப்டி கீது?" என்றான்.

"நல்லா கீதுடா."

"மெய்யாலுமா?"

"அம்மா மேல சத்தியமா. இதுலயே பாடேன்."

"பொம்பளப் பாட்டுக்கு இது ஆவாது. நைனா கொன்னுடும்" என்றான். ஆனால் அவனுக்குச் சந்தோஷம், அது எனக்குத் தெரிந்தது. இன்னொரு தடவையும் பாடினான். அந்தக் குரலில் அவன் பாடிக் கேட்டவள் நான் ஒருத்திதான். சடங்கு முடிந்த பிறகு அவன் பாடவே இல்லை, அந்தக் குரலை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டான்.

மஞ்சத் தண்ணி ஃபங்ஷன் அன்று தெருவை அடைத்துச் சாமியானா போட்டார்கள். காலையில் குடிசையைப் பிரித்து எரித்துவிட்டு, எனக்குத் தண்ணீர் ஊற்றி, பட்டுப்புடவை சுற்றி, பாரமாக ஒரு மாலையைப் போட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே மேடை. வெயில் தாழ்ந்ததும் ஆர்கெஸ்ட்ரா மாமாவின் குழு ஏறியது. நைனா டும்பாவுக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சொந்தத் தெருவில், சொந்தப் பெண் சடங்கில், சம்பந்தி முறை ஆட்களுக்கு முன்னால் அவருக்கு அது பெரிய நாள். அண்ணனைப் பெட்டிமேல் நிறுத்தினார்கள். அரை டிராயருக்குக் கீழே கால் இரண்டும் குச்சியாக இருந்தன. "தாய்மாருங்களுக்குப் பால் சுரக்க வெச்ச பாலகன்!" என்றார் மாமா. என்னைச் சுற்றியிருந்த ஆண்கள் சிரித்தார்கள்.

அண்ணன் ஆரம்பித்தான். முதல் இரண்டு வரி எப்படியோ வந்தது. மூன்றாவது வரியில் மேலே ஏற வேண்டும். ஏறினான். நடுவானத்தில் அறுந்தது. ஒரு கீச்சு, பிறகு அடியிலிருந்து வேறு யாரோ உறுமினது போல ஒரு சத்தம். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நைனா தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டே, "பாட்றா, பாட்றா" என்று பல்லைக் கடித்தார். அவன் மறுபடி முயன்றான், மறுபடி அதே உறுமல். அத்தை மேடையேறி அவன் காதைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப்போனார். பின்னாலேயே நைனாவும் ஆர்கெஸ்ட்ரா மாமாவும் போனார்கள். நான் மாலையோடு எழுந்து உள்ளே ஓடினேன். சடங்குப் பெண் எழுந்து போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

"காலையில ஓலைக்கு அந்தாண்ட முட்ட ஓடு கெடந்திச்சு. காக்கா தூக்கிகினு வந்து போட்டிச்சின்னு நெனச்சேன்" என்றார் அத்தை. "சொல்லு, இவ கையால துன்னியா? தீட்டு முட்டய துன்னியா?"

அண்ணன் கழுத்துப் படையைச் சொறிந்தான்.

"நாந்தான் குடுத்தேன். அவனுக்குப் பசிச்சிச்சு" என்றேன். என் பேச்சு யார் காதிலும் விழவில்லை.

"அதான் தொண்ட போச்சு! தீட்டு எறங்கிடுச்சு உள்ள. வாந்தி எடுத்தாத்தான் போவும்" என்று அத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார். நைனா அவன் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆமாம், பெற்றவர்தான். அத்தை உப்புத் தண்ணீரை ஊற்றி, அப்புறம் விரலைத் தொண்டைக்குள் விட்டார். பாட்டு வருகிற அந்தத் தொண்டைக்குள், நகத்தோடு. அவன் வாந்தி எடுத்தான். மஞ்சள் தண்ணீரைத் தவிர அந்த வயிற்றில் வேறு என்ன இருக்கும்? கடைசியில் அதில் சிவப்பாக இழை ஓடியது. தரையில் கிடந்த அதை மிதிக்காமல் பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார் ஆர்கெஸ்ட்ரா மாமா.

"ஆச்சா? ஜனம் குந்திகினு கீதுபா. எங்க, ஒரு தபா மேல போய்ப் பாடு பாக்கலாம்" என்றார்.

அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அத்தனை மாசமும் அந்தப் பிள்ளை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "மா, கொஞ்சம் கொயம்பு மா, ஒரே ஒரு துண்டு மா" என்று மெல்லிய குரலில் கெஞ்சியிருக்கிறான். ஒரு நாளும் அவள் கை கரண்டிக்குப் போனதில்லை.

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டான். கழுத்தில் படை, அதன்மேல் வேர்வையில் ஊறிய பவுடர். எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு, மேலே போகவில்லை. கீழே இறங்கி, அடித்தொண்டையிலிருந்து சொன்னான்.

"சோறு போடு."

அது அப்படியே நைனாவின் குரல். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்வாரே, அதே குரல். நைனாவின் கை அவன் தலையிலிருந்து தானாக விலகியது. அத்தை ஒரு எட்டு பின்னால் போனார். அம்மா எழுந்துவிட்டாள். கண்ணைத் துடைக்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, யோசிக்கவே இல்லை. குரல் காதில் பட்டதும் உடம்பு எழுந்துவிட்டது. இலையைப் போட்டாள், சோற்றை அள்ளி வைத்தாள், விருந்துக்குச் செய்திருந்த ஆட்டுக்கறியைக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். "துன்னு ராசா, துன்னு" என்றாள். பட்டினி கிடந்த பிள்ளைக்கு இரங்காத கை, ஆம்பளைக் குரல் ஒன்று வந்ததும் அப்படி வேலை செய்தது. எனக்கு அம்மாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆர்கெஸ்ட்ரா மாமா சத்தமில்லாமல் போய்விட்டார். வெளியே டும்பா இல்லாமலே வேறு ஏதோ பாட்டை ஆரம்பித்தார்கள். அண்ணன் சாப்பிட்டான். நிதானமாக, சம்மணம் போட்டு, எலும்பை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டான். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷ அழுகைதான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவனும் நானும்.

அப்போது அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கறி தொண்டையில் மாட்டியிருக்க வேண்டும்.

"ஏய்" என்றான், அந்தப் புதுக் குரலில். "தண்ணி கொணாந்து வையி."

அம்மா என்னைப் பார்த்தாள். அத்தை என்னைப் பார்த்தார். நீயே எடுத்துக்கோடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கழுத்தில் மாலையும் இடுப்பில் வலியுமாக நான் ஏற்கெனவே பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், கையில் சொம்பு இருந்தது. எப்போது நடந்தேன், எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் யார் மேலும் வராத அளவு அருவருப்பு எனக்கு அன்றைக்கு என் இரண்டு கால்கள் மேல் வந்தது.